தீ தந்த நிறங்கள்: அகேடியாவில் இலையுதிர்காலம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய் நான்கைந்து மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோர் இன்று நம் ஊர்களில் ஏராளம். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். அக்டோபர் மாதத்தில் அங்கே இருக்கும் வாய்ப்புள்ளவர்களும், குடும்பத்தோடு அங்கேயே வசிப்பவர்களும் ஒருமுறையாவது போய்வர வேண்டிய இடம் ஒன்று உண்டு. மெய்ன் மாநிலக் கடற்கரையில் உள்ள அகேடியா தேசியப் பூங்காதான் அது. மலையும் ஏரியும் கடலும் அடுத்தடுத்து அமைந்த அந்தத் தீவில், இலைகள் உதிர்வதற்கு முன் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் மாதம் அக்டோபர்.

அந்த நிறங்களுக்குப் பின்னால் ஒரு பெரும் தீயின் வரலாறு இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. இலை ஏன் நிறம் மாறுகிறது, அந்தத் தீ என்ன செய்தது, குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு எப்படிப் போய்வருவது என்பதை இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தானமாக வந்த நிலம்

பூங்காவின் பெரும்பகுதி மவுண்ட் டெசர்ட் என்ற தீவில் உள்ளது. தீவு என்றாலும் நிலத்தோடு பாலத்தால் இணைந்திருப்பதால் காரிலேயே போய்விடலாம். எதிர்க்கரையில் உள்ள ஸ்கூடிக் தீபகற்பத்திலும், படகில் மட்டுமே போகக்கூடிய ஐல் ஓ ஹோ தீவிலும் பூங்காவுக்குச் சொந்தமான பகுதிகள் உண்டு. மொத்தப் பரப்பு சுமார் 49,000 ஏக்கர். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இது சிறியதுதான். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேர் வருகிறார்கள். இந்த நெரிசலை நினைவில் வைத்துக்கொள்வோம். பயணத் திட்டம் முழுவதும் இதைச் சுற்றித்தான் அமைய வேண்டியிருக்கிறது.

இந்த மண்ணின் பூர்வகுடிகள் வபனாக்கி மக்கள். அந்தப் பெயருக்கு 'விடியல் நிலத்தின் மக்கள்' என்று பொருள். 1604ஆம் ஆண்டு செப்டம்பரில் கப்பலில் வந்த பிரெஞ்சுக்காரர் சாமுவேல் டி ஷாம்ப்ளேன், மரமில்லாத மொட்டை உச்சிகளைப் பார்த்துவிட்டு 'வெறுமையான மலைகளின் தீவு' என்று பொருள்படும்படி பிரெஞ்சு மொழியில் பெயர் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய மவுண்ட் டெசர்ட். அந்தப் பெயரை வைத்துப் பாலைவனம் என்று நினைத்துவிட வேண்டாம். உச்சிகள் மட்டுமே மொட்டை, சரிவுகள் எல்லாம் அடர்ந்த காடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் செல்வந்தர்கள் கோடைக்காலத்தைக் கழிக்க இங்கே மாளிகைகள் கட்டத் தொடங்கினார்கள். மரம் அறுக்கும் இயந்திரங்களும் கட்டுமானங்களும் பெருகினால் தீவே கையை விட்டுப் போய்விடும் என்று அவர்களில் சிலர் கவலைப்பட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட்டும், ஜார்ஜ் டார் என்பவரும் அவர்களில் முக்கியமானவர்கள். 1901ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளை அமைத்து நிலங்களை விலைக்கு வாங்கியும் தானமாகப் பெற்றும் சேர்த்தார்கள். சேர்த்த நிலத்தை அரசிடம் ஒப்படைத்தார்கள். 1916இல் தேசிய நினைவுச்சின்னமாகவும், 1919இல் லஃபாயெட் என்ற பெயரில் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமைந்த முதல் தேசியப் பூங்கா இதுவே. 1929இல் அகேடியா என்ற பெயர் வந்தது. ஜார்ஜ் டார் தன் சொத்தையும் வாழ்நாளையும் இதற்கே செலவிட்டார். பூங்காவின் முதல் கண்காணிப்பாளரும் அவரே. சொந்த நிலத்தை இனி விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி பொதுமக்களுக்கு விட்டுச்செல்வது என்றால் என்ன என்பதை, வக்ஃப் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இலை ஏன் சிவக்கிறது?

நம் ஊரில் வீட்டு முற்றத்திலோ பள்ளிவாசல் ஓரத்திலோ நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைக் கவனித்திருப்போம். உதிர்வதற்கு முன் அதன் பெரிய இலைகள் நன்றாகச் சிவந்துவிடும். அதையே ஒரு மலைத்தொடர் முழுவதும், ஒரே இரண்டு வாரத்தில், பல வகை மரங்கள் சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மெய்னில் நடப்பது அதுதான்.

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம். சூரிய ஒளியைக் கொண்டு மரத்துக்கு உணவு தயாரிப்பது அதன் வேலை. பச்சையம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும் பொருள். வெயிலும் வெப்பமும் இருக்கும்வரை மரம் அதைப் புதிது புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கும். செப்டம்பரில் பகல் குறுகி இரவு நீளும்போது, குளிர்காலம் வருகிறது என்ற குறிப்பு மரத்துக்குக் கிடைக்கிறது. உறைபனியில் மென்மையான இலைகளை வைத்துக் காப்பாற்ற முடியாது. எனவே பச்சையம் தயாரிப்பதை மரம் நிறுத்துகிறது. இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் திரும்ப இழுத்துத் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு தடுப்பு அடுக்கு வளர்கிறது. பிற்பாடு இலை அந்த இடத்தில்தான் கழன்று விழும்.

பச்சையம் மறைந்ததும் முதலில் தெரிவது மஞ்சள். கரோட்டினாய்டு என்ற இந்த நிறமி கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்ததுதான். பச்சை அதை மூடியிருந்தது. பிர்ச், ஆஸ்பென் மரங்கள் பொன்மஞ்சளாக மாறுவது இதனால்தான்.

சிவப்பு அப்படி ஏற்கெனவே இருந்ததன்று. காம்பில் தடுப்பு வளர்ந்ததும் இலைக்குள் சர்க்கரை தேங்குகிறது. வெயில் அடிக்கும் பகல்களில் அந்தச் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியை இலை புதிதாக உண்டாக்குகிறது. சாகப்போகும் இலை எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சத்துகளைத் திரும்ப எடுத்து முடிக்கும்வரை கடும் ஒளியிலிருந்து இலையைக் காக்கும் குடையாக அது உதவுகிறது என்று தாவரவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். சிவப்பு மேப்பிள் மரமும், காடிலாக் மலையுச்சியில் தரையோடு படர்ந்திருக்கும் புளூபெர்ரிச் செடிகளும் செக்கச்செவேலென்று மாறுவது இந்த நிறமியால்தான். பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரும் தொடர்ந்து இருக்கும் ஆண்டுகளில் சிவப்பு தூக்கலாக இருக்கும். மூட்டமும் கதகதப்பும் நீடித்தால் நிறம் மங்கலாகவே போய்விடும்.

ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை. அவற்றின் கரும்பச்சை பின்னணியில் நிற்பதால்தான் சிவப்பும் மஞ்சளும் அவ்வளவு எடுப்பாகத் தெரிகின்றன.

1947: தீவு எரிந்த அக்டோபர்

தீவின் கிழக்குப் பகுதியில் இன்று நாம் பார்க்கும் வண்ணக்காடு எண்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் ஸ்புரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்களே நின்றன. 1947ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்தது. அக்டோபர் வந்தபோது காடு முழுவதும் சருகாகக் காய்ந்து கிடந்தது. அக்டோபர் 17ஆம் தேதி பார் ஹார்பர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு தீ கண்டுபிடிக்கப்பட்டது. சில நாட்கள் அது கட்டுக்குள் இருப்பது போலவே தெரிந்தது. 23ஆம் தேதி காற்று சூறாவளி போல வீசத் தொடங்கியதும் நிலைமை கைமீறியது. மூன்று மணி நேரத்துக்குள் ஆறு மைல் தூரத்தைத் தீ கடந்தது.

பார் ஹார்பரிலிருந்து வெளியேறும் சாலைகளையெல்லாம் ஒரு கட்டத்தில் நெருப்பு அடைத்துவிட்டது. ஊர் மக்கள் படகுத்துறையில் கூடி நின்றார்கள். அக்கம்பக்கத்து மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து, குறைந்தது 400 பேரைக் கடல் வழியாக அப்புறப்படுத்தினார்கள். இரவு ஒன்பது மணியளவில் புல்டோசர்கள் ஒரு சாலையைத் திறந்துவிட்டன. 700 கார்கள் வரிசையாக, சுமார் 2,000 பேரை ஏற்றிக்கொண்டு, இருபுறமும் எரிந்துகொண்டிருந்த காட்டுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து வெளியேறின.

தீ முழுவதும் அணைந்துவிட்டதாக நவம்பர் 14ஆம் தேதிதான் அறிவித்தார்கள். மொத்தம் 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதில் 10,000 ஏக்கருக்கு மேல் பூங்காவின் நிலம். கோடீஸ்வரர் வரிசை என்று பேர் பெற்றிருந்த தெருவில் 67 கோடை மாளிகைகளும், உள்ளூர்க்காரர்கள் குடியிருந்த 170 வீடுகளும், ஐந்து ஹோட்டல்களும் சாம்பலாயின. மாளிகைக்காரர்களில் பலர் திரும்பிவந்து கட்டவே இல்லை. அந்தச் செல்வந்தர் காலம் அத்தோடு முடிந்தது.

காடு திரும்பி வந்தது, ஆனால் பழைய மாதிரி வரவில்லை. ஊசியிலை மரங்களின் நிழல் போய்விட்டதால் கரிந்த மண்ணில் வெயில் நேராக விழுந்தது. வெயிலை விரும்பும் பிர்ச்சும் ஆஸ்பெனும் காற்றில் வந்த விதைகளிலிருந்து முளைத்தன. எரிந்த அடிமரங்களின் வேரிலிருந்தும் புதுத் துளிர்கள் கிளம்பின. இன்று காரை நிறுத்திவிட்டு நாம் வியந்து பார்க்கும் மஞ்சளும் செம்மஞ்சளும் பெருமளவில் அந்தத் தலைமுறை மரங்களின் நிறமே. தீ எட்டாத மேற்குப் பகுதிக்குப் போனால் ஊசியிலைக் காட்டின் கரும்பச்சை இன்னும் கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் சுற்றிவந்தால் இந்த வேறுபாடு பிள்ளைகளுக்கும் புரியும்.

இந்தக் காட்சியும் நிலையானதன்று. பிர்ச், ஆஸ்பென் மரங்களின் நிழலில் ஸ்புரூஸும் ஃபிரும் மெல்ல வளர்ந்து வருகின்றன. காலப்போக்கில் அவை மீண்டும் மேலோங்கக்கூடும் என்று பூங்காத் துறையே சொல்கிறது. அப்படியானால், இந்தச் சரிவுகளை இந்த நிறத்தில் பார்க்க வாய்த்திருப்பது நம் காலத்தைச் சேர்ந்த சில தலைமுறைகளுக்கு மட்டுமே.

எப்போது போவது?

கடல் தண்ணீர் மெல்லத்தான் குளிரும். அதனால் மெய்னின் வடக்கு மலைகளில் செப்டம்பர் கடைசியிலேயே நிறம் உச்சம் தொட்டாலும், கடலோரத்தில் உள்ள அகேடியாவில் அக்டோபர் நடுப்பகுதிக்கு மேல்தான் உச்சம் வருகிறது. பொதுவாக அக்டோபர் 10 முதல் 25 வரை திட்டமிடுவது பொருத்தம். சரியான நாளை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. மெய்ன் மாநில அரசு இலையுதிர்காலம் முழுவதும் வாராவாரம் எந்தப் பகுதியில் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்ற அறிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தக் காலக்கணக்கும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பழைய புகைப்படங்கள், செய்திகள், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை வைத்து ரிச்மண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகேடியாவை ஆராய்ந்தார்கள். 1950களோடு ஒப்பிட்டால் நிறம் உச்சமடையும் நாள் ஏறக்குறைய இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. இரவுகள் முன்பு போல் குளிராததே இதற்கு முக்கியக் காரணம். பழைய பயண நூல்களில் போட்டிருக்கும் தேதியை நம்பி அக்டோபர் முதல் வாரத்தில் போனால் பச்சையைத்தான் பார்ப்போம்.

அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை அமெரிக்காவில் விடுமுறை. அதையொட்டிய மூன்று நாட்களில் கூட்டம் நெரியும். முடிந்தால் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிட்டு, அடுத்து வரும் செவ்வாய் முதல் வியாழன் வரை போவது நல்லது.

பாஸ்டனிலிருந்து பார் ஹார்பருக்குச் சுமார் 450 கிலோமீட்டர். ஐந்து மணி நேரக் கார் பயணம். நியூ ஜெர்சியிலிருந்து கிளம்புகிறவர்கள் வழியில் ஓர் இரவு தங்கிப் போவது பிள்ளைகளுக்கு வசதி. விமானத்தில் வருகிறவர்களுக்குப் பாங்கர் நகரம் பக்கம். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் தீவை அடையலாம்.

கட்டணமும் முன்பதிவும்

ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர். ஏழு நாட்களுக்குச் செல்லும். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், கூட்டம் மிகுந்த 11 தேசியப் பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். அகேடியாவும் அவற்றில் ஒன்று. வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர்; அங்கே வசிப்பவர்களுக்கான ஆண்டுப் பாஸ் 80 டாலர். வாப்பா, உம்மா இருவரையும் அழைத்துப் போனால் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. கட்டண விதிகள் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முன் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காடிலாக் மலையுச்சிக்குக் காரில் போக, மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு காருக்கு 6 டாலர். நுழைவுக் கட்டணத்தில் இது சேராது, மலையடிவாரத்திலும் விற்பதில்லை. மொத்த இடங்களில் 30 சதவீதம் 90 நாட்களுக்கு முன்பும், மீதி 70 சதவீதம் இரண்டு நாட்களுக்கு முன் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 10 மணிக்கும் இணையத்தில் திறக்கப்படும். சூரிய உதயத்துக்கான இடங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். உதயத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் பகல் நேரத்துக்குப் போடலாம். மலையில் கைப்பேசித் தொடர்பு சரியாகக் கிடைக்காது. சீட்டை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்குள் ஐலண்ட் எக்ஸ்புளோரர் என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது. அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையோடு அந்த ஆண்டுக்கான ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு போகிறவர்களுக்குச் சொந்தக் கார்தான் வழி. காலை எட்டு மணிக்கு முன் வாகன நிறுத்தத்தை அடைந்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

முதியவர்களோடும் குழந்தைகளோடும்

பூங்காவைச் சுற்றிவரும் முக்கியச் சாலை 27 மைல் நீளம். நடக்க முடியாதவர்கள் இந்தச் சாலையில் காரில் போனாலே கடலையும் காட்டையும் பார்த்துவிடலாம். மணற்கடற்கரை, ஆட்டர் பாறை, ஜோர்டன் குளம் எல்லாம் இந்த வழியில் வருகின்றன. மணற்கடற்கரையின் மணலில் பெரும்பங்கு நொறுங்கிய சிப்பிகளும் ஓடுகளும். கையில் அள்ளிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம்.

ஜோர்டன் குளத்தின் தென்கரையில் நின்றால், நீருக்கு அப்பால் பபிள்ஸ் என்ற இரட்டைக் குன்றுகள் தெரியும். பனியாறுகள் செதுக்கிவிட்டுப் போன குன்றுகள் அவை. காற்றில்லாத காலை நேரத்தில் இரண்டு குன்றும் அவற்றின் நிறங்களும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.

கார் வேண்டாம் என்பவர்களுக்கு வண்டிப்பாதைகள் இருக்கின்றன. எண்ணெய்த் தொழிலதிபர் ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் 1913 முதல் 1940 வரை சொந்தச் செலவில் போட்டவை இவை. எண்ணெய் விற்றுப் பணக்காரரான குடும்பத்தில் பிறந்தவர், மோட்டார் வாகனமே நுழையாத பாதைகளைக் கட்டினார். பூங்காவுக்குள் மட்டும் 45 மைல் நீளமுள்ள இவற்றில் இன்றும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரை வண்டிக்குமே இடம். சரிவு மெதுவாக ஏறி இறங்கும். தரை பொடிக்கல்லால் சமமாக இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டும் போகலாம். வழியில் வரும் கல்பாலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பாதை ஓரத்தில் வரிசையாக நட்டிருக்கும் கிரானைட் கற்களை உள்ளூர்க்காரர்கள் 'ராக்ஃபெல்லரின் பற்கள்' என்று கேலியாகச் சொல்வார்கள்.

பாறையில் பதித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறும் பீஹைவ், பிரிசிபிஸ் பாதைகள் இளைஞர்களைக் கவர்ந்து இழுக்கும். அங்கே வழுக்கி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. சிறுவர்களோடும், நீளமான உடையோடும், மழை பெய்து நனைந்த நாளிலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அக்டோபரில் பகல் வெப்பம் 14 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இரவில் 5 டிகிரிக்கும் கீழே போகலாம். உச்சியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரே கனமான மேலங்கியை விட, இரண்டு மூன்று அடுக்காகப் போட்டுக்கொள்வது உதவும். புல்லிலும் சருகிலும் நடந்துவிட்டு வந்தால், பிள்ளைகளின் கால்களிலும் கழுத்திலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லைம் என்ற நோயை அது பரப்பும்.

கடலிடம் கவனம்

இடிக்குகை என்று பொருள்படும் தண்டர் ஹோல் என்ற இடத்தில், அலை பாறையிடுக்குக்குள் புகுந்து காற்றை அமுக்கும்போது இடி போன்ற முழக்கம் எழும். கடல் முழுதாக ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போனால் நன்றாகக் கேட்கலாம். இலையுதிர்காலம் புயல்களின் காலமும்கூட. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில், பில் என்ற புயல் வெகு தொலைவில் கடந்துபோய்க்கொண்டிருந்தபோது, இந்த இடத்தில் பாறைமேல் நின்று வேடிக்கை பார்த்தவர்களை ஒரு பேரலை இழுத்துக்கொண்டு போனது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அன்று அங்கே வானம் தெளிவாக இருந்தது. வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கக் கூடாது என்பது நம் கடலோர ஊர்க்காரர்கள் அறிந்ததுதான். நனைந்து கறுத்திருக்கும் பாறை, அலை எட்டும் பாறை என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலேயே நிற்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

தமிழகக் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். மெய்னில் அது மூன்று மீட்டருக்கும் மேல். பார் ஹார்பர் ஊரிலிருந்து பார் தீவுக்குக் கடல் வற்றும்போது தரை வெளிப்பட்டு, நடந்தே போக வழி கிடைக்கும். வற்றம் உச்சமடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து ஒன்றரை மணி நேரம் பின்புவரை மட்டுமே அந்த வழி. அதற்குள் திரும்பாவிட்டால் அடுத்த வற்றம்வரை தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அன்றைய நேர அட்டவணை இல்லாமல் இறங்க வேண்டாம்.

தொழுகையும் உணவும்

அக்டோபர் 7 முதல் மார்ச் 6 வரை, அமெரிக்க நாட்டிலேயே முதன்முதலில் சூரிய உதயத்தைக் காணும் இடம் 1,530 அடி உயரமுள்ள காடிலாக் உச்சி. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஃபஜ்ரு தொழுகையை முதலில் திட்டமிட வேண்டும். அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் உதிப்பது காலை 6.50 வாக்கில். கணக்கிடும் முறையைப் பொறுத்து, ஃபஜ்ரு நேரம் அதற்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். உளூவோடு கிளம்பி, உச்சியில் வெளிச்சம் பரவுவதற்குள் தொழுதுவிட்டு, பிறகு உதயத்துக்காக உட்காரலாம். உதயமாகும் நேரத்தில் தொழக்கூடாது என்பதால் கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் கிப்லா மேற்கே. மெய்னில் அது வடகிழக்கே, சூரியன் எழும் இடத்துக்கு நன்றாக இடப்புறம். முதன்முறை வரும் பெரியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். உச்சியில் பாறையிடுக்குகளில் வளரும் செடிகளும் பாசிகளும் மிதிபட்டால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். தொழுகை விரிப்பை வெறும் கிரானைட் பாறையின் மேலேயே விரியுங்கள்.

பகல் பதினொரு மணி நேரம்தான். லுஹர் 12.20 வாக்கில் தொடங்கி, மஃரிப் 5.50க்கு வந்துவிடும். இடையில் ஐந்தரை மணி நேரமே இருப்பதால் சுற்றிப் பார்ப்பதை அதற்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும். கஸ்ரு, ஜம்உ பற்றிய சட்டங்களில் மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. கிளம்பும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காரில் ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஜோர்டன் குளம் ஊர்மக்களின் குடிநீர் ஆதாரம். அதில் குளிக்கத் தடை உண்டு. உளூச் செய்யவும் அதில் இறங்கக் கூடாது.

மெய்ன் என்றாலே அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது லாப்ஸ்டர், அதாவது சிங்கி இறால். அமெரிக்காவில் பிடிபடும் சிங்கி இறாலில் பெரும்பகுதி இந்த மாநிலக் கடலில் கிடைப்பது. நம் கடலில் கிடைப்பதற்குப் பெரிய கொடுக்கு இருக்காது. மெய்ன் வகைக்கு இரண்டு தடித்த கொடுக்குகள் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் கடலுணவில் மீன் மட்டுமே ஆகும். சிங்கி இறால் அதில் சேராது. ஒரே மேசையில் இரண்டு மத்ஹபுக்காரர்களும் உட்காரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் கவனிக்க வேண்டியது வேறொன்று. கிளாம் சௌடர் என்ற சிப்பிச் சூப்பில் பன்றிக் கொழுப்போ பேக்கனோ சேர்ப்பது அங்கே வழக்கம். லாப்ஸ்டர் சூப்பில் மது சேர்ப்பவர்களும் உண்டு. கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஜோர்டன் குளத்தருகே உள்ள உணவகத்தில் பாப்ஓவர் என்ற உப்பிய ரொட்டியும் தேநீரும் நூறு ஆண்டுக்கு மேலாகப் பேர்போனவை. முட்டை, மாவு, பால் கொண்டு செய்வது அது. ஹலால் இறைச்சி பார் ஹார்பரில் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். 2001 முதல் சோமாலிய முஸ்லிம்கள் பெருமளவில் குடியேறிய லூயிஸ்டன் நகரிலும், போர்ட்லாந்திலும் பள்ளிவாசல்களும் ஹலால் கடைகளும் உண்டு. பாஸ்டனிலிருந்து வரும் வழியிலேயே இவை இருப்பதால் வாங்கிக்கொண்டு போகலாம். சமையலறை உள்ள தங்குமிடமாக எடுத்தால் இன்னும் எளிது.

பிள்ளைகளுக்குச் சொல்ல

இரண்டு நாள் இருந்தால் போதும். முதல் நாள் கடலோரச் சாலையும் ஜோர்டன் குளமும். இரண்டாம் நாள் விடியலில் காடிலாக் மலை, பிறகு மேற்குக் கரையில் 1858இல் கட்டிய பாஸ் ஹார்பர் கலங்கரை விளக்கம். கூடுதலாக ஒரு நாள் கையில் இருந்தால் வண்டிப்பாதையில் நிதானமாக நடக்கலாம்.

காடிலாக் உச்சியிலிருந்து கீழே பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும் அந்தச் சரிவுகளும், நடுவே நிற்கும் பார் ஹார்பரின் சுற்றுப்புறமும் 1947 அக்டோபரில் கரியாகக் கிடந்தன. அன்று படகுத்துறையில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், இந்த மலையில் இனி ஒன்றும் முளைக்காது என்றே நினைத்திருப்பார்கள். அதே மலையின் நிறத்தைப் பார்க்கத்தான் இன்று லட்சக்கணக்கானவர்கள் அக்டோபரில் வருகிறார்கள். படைத்தவனின் ஏற்பாட்டில் அழிவு எங்கே முடிகிறது, வளர்ச்சி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட நம்மால் முடியாது. அடுத்த அக்டோபரில் அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு அமைந்தால், இன்ஷா அல்லாஹ், அந்த மரங்களின் கதையைத் தெரிந்துகொண்டு போவோம்.